பார்க்கு திறக்கறீங்க சரி, மனசு தேறுச்சான்னு யாருங்க பாக்கறது? சேலம் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், வனத்துறை, சுகாதாரத்துறை, மாவட்ட மனநலத் திட்டத்துல வேலை பாக்கற டாக்டருங்களுக்கும் வணக்கமுங்க.

நான் சேலத்துல வீடு வீடா போய் சர்வே எடுக்கறவ. சோப்பு கம்பெனிக்கும் எடுத்திருக்கேன், காலேஜ் ஆராய்ச்சிக்கும் எடுத்திருக்கேன், சர்க்கரை இருக்கா பிபி இருக்கான்னும் கேட்டிருக்கேன், அம்மாபேட்டை தறிக்காரங்க தெருவுலருந்து சிவதாபுரம் கொலுசு பட்டறை வரைக்கும் டேப்லெட்ட தூக்கிட்டு நடந்தவ. அதனால இத மரம் வளர்ப்போம் மழை பெறுவோம்னு செவுத்துல எழுதற வகையறான்னு நினைச்சுறாதீங்க. மரம் வேணும்னு உங்களுக்கே தெரியும். நான் கேக்க வந்தது வேற.

பார்க்கு திறந்தாலும் சரி, ஏரிக்கரைல நடைபாதை போட்டாலும் சரி, மே மாசம் ஏற்காட்டுல கோடை விழா வச்சாலும் சரி, மேடைல ஒரு வரி கண்டிப்பா வந்துரும், "மக்களோட மன அழுத்தம் குறையும்"னு. குறைஞ்சுதா? யாருக்கு குறைஞ்சுது, யாருக்கு குறையல? டிக்கெட் எத்தன வித்துச்சுன்னு கணக்கு இருக்கு, எத்தன வண்டி மலை ஏறுச்சுன்னு கணக்கு இருக்கு, எத்தன கன்னு நட்டாங்கன்னு கணக்கு இருக்கு (அதுல எத்தன பொழச்சுதுங்கறது தனிக்கதை), மனசு கணக்கு மட்டும் மைக்ல சொன்னதோட முடிஞ்சிருது. இத்தன வருஷத்துல எங்க தெருவுல ஒரு கதவ தட்டி அதக் கேட்டு நான் பாத்ததில்ல. அந்தக் கணக்க எடுங்கன்னுதான் கேக்கறேன். எடுக்கறதா இருந்தா ஒழுங்கா எடுங்க, ஏன்னா எப்படி எடுத்தா அது குப்பைக்கு போகும்ங்கறதுல எனக்கு கொஞ்சம் அனுபவம் உண்டு.

இதெல்லாம் அளக்க முடியாத சமாச்சாரம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, உலகத்துல நாப்பது வருஷமா அளந்துட்டுதான் இருக்காங்க. 1984ல அமெரிக்காவுல ரோஜர் உல்ரிச்னு ஒருத்தரு ஆஸ்பத்திரி ரெக்கார்டையே பொரட்டி பாத்தாரு, எல்லாரும் பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்க, ஜன்னல்ல மரம் தெரிஞ்ச ரூம்ல 23 பேரு, செங்கல் செவுரு தெரிஞ்ச ரூம்ல 23 பேரு, மரம் பாத்தவங்க சீக்கிரமா டிஸ்சார்ஜ் ஆயிருக்காங்க, வீரியமான வலி மருந்தும் கம்மியாதான் தேவைப்பட்டிருக்கு. சின்ன ஆய்வுதான், ஆனா ஒரே மாதிரி ஆளுங்கள ஜோடி ஜோடியா வச்சு பாத்தாரு பாருங்க, அதான் அதோட பலம். ஜப்பான்ல காட்டுக்குளியல்னு (ஷின்ரின்-யோகுன்னு சொல்வாங்க) 1982ல ஆரம்பிச்சதே அவங்க வனத்துறைதான், நம்ம வனத்துறைக்காரங்க இத கவனிக்கணும். அப்புறம் அங்க 24 காட்டுல 280 பேர வச்சு, ஒரு நாள் காடு ஒரு நாள் டவுனுன்னு மாத்தி மாத்தி அனுப்பி எச்சில்ல கார்டிசால் (மன அழுத்தத்துல கூடற ஹார்மோன்) பாத்தாங்க, நாடி பாத்தாங்க, பிபி பாத்தாங்க, காட்டுல இருந்த அன்னிக்கு எல்லாமே இறங்கித்தான் இருந்துச்சு. ஆனா அந்த 280 பேரும் காலேஜ் படிக்கற ஆம்பள பசங்க. நம்மூரு நாப்பத்தஞ்சு வயசு தறிக்காரம்மாவுக்கு அது அப்படியே பொருந்துமான்னா, பொருந்தும்னு சொல்றதுக்கு என்கிட்டயும் ஆதாரம் இல்ல உங்ககிட்டயும் இல்ல, அதுக்குத்தான் இந்த மடலே.

இன்னொன்னு எல்லாரும் வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்றது, வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் இயற்கைல இருந்தா போதும்னு. அது 2019ல வந்தது, இங்கிலாந்துல கிட்டத்தட்ட 20,000 பேருகிட்ட கேட்டது, வாரத்துக்கு 120 நிமிஷத்துக்கு மேல வெளிய பச்சைல இருந்தவங்க உடம்பும் மனசும் நல்லா இருக்குன்னு சொன்னாங்க, அத ஒரே மூச்சுல இருந்தாலும் சரி பிச்சு பிச்சு இருந்தாலும் சரி. நல்ல ஆய்வு, நான் குறை சொல்லல. ஆனா எங்க தொழில்ல இருக்கற யாருக்கும் உடனே ஒரு கேள்வி வரும், பார்க்குக்கு போனதால நல்லா இருக்காங்களா, நல்லா இருக்கறவங்கதான் பார்க்குக்கு போறாங்களா? மனசு உடைஞ்சு கெடக்கறவ வாசல் தெளிக்கவே எந்திரிக்க மாட்டா, அவ எங்க அண்ணா பூங்காவுக்கு போறது. ஒரே தடவ கேக்கற சர்வேல இந்த முடிச்சு அவிழவே அவிழாது. முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ, கூடவே எதுவும் மாறாத இன்னொரு கூட்டத்தையும் கேட்டாத்தான் அவிழும்.

சரி, நம்மூருக்கு வர்றேன்.

ஏற்காட்டுல ஏரி போட்டிங் பக்கமோ பார்க் வாசல்லயோ ஒரு பொண்ண நிக்க வச்சு, வெளிய வர்றவங்ககிட்ட "மனசு எப்படி இருக்கு, ஒண்ணுலருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க"ன்னு ஒரு சர்வே போடலாம்னு யாராச்சும் ஐடியா குடுப்பாங்க. தயவு செஞ்சு அத மட்டும் பண்ணிடாதீங்க. அது பந்தில இலை போட்ட கையோட சாப்பாடு எப்படின்னு கேக்கற கதைங்க, எவன் நல்லால்லன்னு சொல்வான். கைல மொளகா பஜ்ஜி, கூட பொண்டாட்டி புள்ளைங்க, கீழ சேலத்துல கொதிக்குது இங்க சட்டை சில்லுனு ஒட்டுது, அஞ்சுக்கு அஞ்சுதான் வரும். அந்த சந்தோஷம் மரத்தால வந்துச்சா, 1,500 மீட்டர் உசரத்துக் குளிரால வந்துச்சா, லீவு நாளால வந்துச்சா, யாரு பிரிச்சு சொல்றது? அதே ஆளு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இருபது கொண்டை ஊசி வளைவுலயும் வண்டிக்கு பின்னாடி வண்டியா நின்னு நின்னு, பின்சீட்ல புள்ள வாந்தி எடுக்க, அடிவாரத்துக்கு வந்து சேர்றப்ப கேளுங்க பாக்கலாம். இல்லன்னா செவ்வாக்கிழமை கடைல உக்காந்திருக்கறப்ப கேளுங்க. மலைக்கு போனது மனசுல எத்தன நாள் நிக்குதுன்னு தெரியணும்னா கேக்க வேண்டிய எடம் பார்க் வாசல் இல்ல, அவங்கவங்க வீடு.

எச்சில் டெஸ்ட் எடுத்தா பொய் சொல்லாதுன்னு நினைக்கறீங்களா, அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. கார்டிசால் காலைல எந்திரிச்ச கொஞ்ச நேரத்துல உச்சத்துக்கு போயிட்டு அப்புறம் நாள் பூரா தானாவே இறங்கிட்டு வரும். ஏழு மணிக்கு ஒரு தடவ எடுத்துட்டு ஏரிக்கரைல நடக்க விட்டு ஒம்போது மணிக்கு எடுத்தா குறைஞ்சுதான் காட்டும், வீட்ல சும்மா குந்தியிருந்தாலும் குறைஞ்சுதான் காட்டியிருக்கும். 2019ல அமெரிக்காவுல டவுன்ல இருக்கற 36 பேர எட்டு வாரம் வெளிய அனுப்பி பாத்தவங்க இந்த இயல்பான இறக்கத்த தனியா கழிச்சுட்டுத்தான் கணக்கு சொன்னாங்க, கழிச்சப்புறமும் மணிக்கு 21 சதவீதம் போல இறங்கியிருந்துச்சு, இருவதுலருந்து முப்பது நிமிஷம் வரைக்கும் பலன் வேகமா கூடுச்சு, அதுக்கு மேல மெதுவாச்சு. அந்தக் கழித்தல் இல்லாம வர்ற ரிப்போர்ட்ட யாரு கொண்டாந்தாலும் கையெழுத்து போடாதீங்க. அப்புறம் எச்சில் எடுக்கறதுக்கு முன்னாடி காப்பி குடிக்கக்கூடாது, அத காப்பி வெளையற ஏற்காட்டுல போய் எப்படி சொல்லப்போறீங்களோ.

இனி கேள்வி கேக்கறத பத்தி, இது என் ஏரியா. உலக சுகாதார நிறுவனத்தோட டபிள்யூஹெச்ஓ-5ன்னு ஒரு ஃபாரம் இருக்கு, அஞ்சே கேள்வி, ரெண்டு வாரமா மனசு உற்சாகமா இருந்துச்சா, அமைதியா இருந்துச்சா, தெம்பா இருந்தீங்களா, எந்திரிக்கறப்ப களைப்பு தீந்து எந்திரிச்சீங்களா, அன்னாடம் பண்றதுல ஒரு புடிப்பு இருந்துச்சா. ஒவ்வொண்ணுக்கும் பூஜ்யத்துலருந்து அஞ்சு, கூட்டி நாலால பெருக்குனா நூத்துக்கு மார்க்கு. அம்பதுக்கு கீழ போச்சுன்னா மேற்கொண்டு விசாரிக்கணும்னு பொதுவா வச்சிருக்காங்க. எனக்கு புடிச்ச ஃபாரம் இது, ஏன்னா நோயிருக்கான்னு கேக்கல, நல்லா இருக்கீங்களான்னு கேக்குது, நம்ம சனங்க அதுக்கு வாய தொறப்பாங்க.

ஆனா எப்படி தொறப்பாங்கன்னு கேளுங்க. அம்மாபேட்டை பக்கம் ஒரு வீடு, திண்ணைல மாமியாரு கீரை ஆஞ்சுட்டு உக்காந்திருக்காங்க, மருமக தறிலருந்து எந்திரிச்சு கைய தொடச்சுட்டு வந்து நிக்குது. நான் "அக்கா, ரெண்டு வாரமா மனசு நிம்மதியா இருந்துச்சா"ங்கறேன். அந்தக்கா ஒரு நிமிஷம் மாமியார பாக்குது, "எனக்கென்னங்க குறை, எப்பவும் நிம்மதிதான்." அஞ்சு. எல்லாத்துக்கும் அஞ்சு. ஃபாரம் முடிஞ்சு நான் செருப்ப மாட்டறப்ப கேட் வரைக்கும் பின்னாடியே வந்து, கேட்ட இழுத்து சாத்தற மாதிரி குனிஞ்சு, "அந்த நிம்மதி கேள்விக்கு ஒண்ணு போட்டுக்கோங்க"ன்னுட்டு விறுவிறுன்னு உள்ள போயிருச்சு. டேப்லெட்ல சப்மிட் அழுத்தியாச்சு, திருத்தறதுக்கு பட்டன் இல்ல. நூத்துக்கு நூறு நலமா இருக்கற பெண்மணின்னு ஏதோ ஒரு கம்ப்யூட்டர்ல அந்தக்கா இன்னும் இருக்கு.

இதுக்கு வழி இல்லாம இல்ல. பொம்பளைங்கள தனியா வச்சு கேக்கணும், இல்ல சீட்டுல அவங்களே டிக் பண்ணி மடிச்சு டப்பால போடற மாதிரி வைக்கணும், எழுதப் படிக்க தெரியாதவங்களுக்கு முகம் வரைஞ்ச அட்டை குடுக்கணும். "என்னமோ ஓடுதுங்க"ன்னு சொன்னா அது ரெண்டா மூணான்னு சர்வே எடுக்கற எல்லாரும் ஒரே மாதிரி போடறதுக்கு முன்கூட்டியே உக்காந்து பேசி வைக்கணும், ஏன்னா சேலத்துல பாதி பேரோட பதில் அதுதான். அப்புறம் எந்த வாரம் கேக்கறீங்கன்னு பாருங்க. கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை சமயத்துல கேட்டா ஊரே வேற மனநிலைல இருக்கும், சொந்தக்காரங்க வந்திருப்பாங்க, கடனும் ஏறியிருக்கும். அக்னி நட்சத்திரத்துல கேட்டா ராத்திரி எவனும் தூங்கியிருக்க மாட்டான், நாலாவது கேள்வி மொத்தமா படுத்துரும். பார்க்கு வந்த தெருவையும் வராத தெருவையும் ஒரே வாரத்துல கேட்டாத்தான் இந்த வெயிலும் பண்டிகையும் ரெண்டு பக்கமும் சமமா விழும்.

மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வர்ற சிஸ்டருங்க, 2021லருந்து பிபி சுகர் பாத்துட்டு இருக்காங்க, அவங்க கைலயே இந்த அஞ்சு கேள்வியையும் குடுத்துரலாம்னு தோணும். எனக்கும் மொதல்ல அப்படித்தான் பட்டுச்சு, ஆனா அவங்க பெரும்பாலும் அதே ஏரியாக்காரங்க. பிபிய யார்கிட்டயும் காட்டுவாங்க, மனச பக்கத்து வீதிக்காரிகிட்ட காட்ட மாட்டாங்க. ஏரியா மாத்தி அனுப்புங்க, வேற வழியே கெடையாது.

அடுத்தது சேட்டிலைட். டென்மார்க்குல 9 லட்சத்துக்கும் மேல ஆளுங்களோட ரெக்கார்ட எடுத்து, சின்ன வயசுல அவங்க இருந்த வீட்ட சுத்தி எவ்வளவு பச்சைன்னு சேட்டிலைட் படத்துல பாத்தாங்க, ரொம்ப கம்மியான பச்சைல வளர்ந்தவங்களுக்கு பின்னாடி மனநோய் வர்ற வாய்ப்பு 55 சதவீதம் வரைக்கும் கூட இருந்துச்சுன்னு 2019ல சொன்னாங்க. பிரமாதமான வேலை. அத பாத்துட்டு நம்மூர்லயும் யாராச்சும் சேட்டிலைட்ல பச்சைய எண்ணி மேப் போட்டு குடுப்பாங்க, பாக்க அழகா இருக்கும். ஆனா மேலருந்து பாத்தா ஆகாயத்தாமரை மூடுன சாக்கடை ஏரி கூட ஜோரா பச்சையாத்தான் தெரியும், சீமக்கருவேலங்காடு பச்சையா தெரியும், சேர்வராயன் மலைல கம்பி வேலி போட்ட காப்பி எஸ்டேட் அத விட பச்சையா தெரியும். மொதல்ல சொன்னதுல மூக்க பொத்திக்கிட்டு ஓடணும், ரெண்டாவதுல பாம்பு பயம், மூணாவதுல வாட்ச்மேன் வெரட்டுவாரு. அதனால சேட்டிலைட் படத்தோட கூட ஒரு ஆள அனுப்பி இங்க உக்கார முடியுமா, நிழல் இருக்கா, பொம்பளைங்க ஆறு மணிக்கு மேல வருவாங்களா, லைட் எரியுதா, கக்கூஸ் இருக்கான்னு அஞ்சு விஷயம் டிக் பண்ணிட்டு வரச்சொல்லுங்க. பொம்பளைங்களுக்கு கக்கூஸ் இல்லாத பார்க்கு அரை மணி நேர பார்க்குதான், 120 நிமிஷத்துக்கு எங்க போறது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதினதே. அமெரிக்காவுல பிலடெல்பியாங்கற ஊர்ல யாரும் கவனிக்காம குப்பை சேர்ந்து கெடந்த காலி மனைங்க 541ஐ எடுத்து குலுக்கல் மாதிரி மூணா பிரிச்சாங்க. ஒரு பங்குக்கு குப்பைய அள்ளி, மண்ண சமன் பண்ணி, புல்லும் கொஞ்சம் மரமும் வச்சு, உசரம் கம்மியான சின்ன மரவேலி போட்டாங்க. இன்னொரு பங்குல குப்பைய மட்டும் அள்ளுனாங்க. மூணாவது பங்க அப்படியே விட்டாங்க. சுத்தி குடியிருந்தவங்க 342 பேருகிட்ட முன்னாடியும் பின்னாடியும் மனசு எப்படின்னு கேட்டாங்க. 2018ல ரிசல்ட் வந்துச்சு, புல்லும் மரமும் வச்ச எடத்துகிட்ட இருந்தவங்கள்ல மனச்சோர்வா இருக்குன்னு சொல்றது, சும்மா விட்ட எடத்தோட ஒப்பிட்டா 41.5 சதவீதம் குறைஞ்சுது, ஏழைங்க இருக்கற பகுதில இன்னும் அதிகமாவே குறைஞ்சுது. குப்பைய மட்டும் அள்ளுன எடத்துல சொல்லிக்கற மாதிரி மாற்றம் இல்ல. இத ரெண்டு தடவ படிங்க சார், குப்பை அள்ளுனா மட்டும் பத்தல. மியூசிக்கல் ஃபவுன்டன் இல்ல, ஐ லவ் போர்டு இல்ல, செல்ஃபி பாயிண்ட் இல்ல, புல்லு, நாலு மரம், ஒரு சின்ன வேலி.

நம்ம மாநகராட்சில 60 வார்டு, சூரமங்கலம் அஸ்தம்பட்டி அம்மாபேட்டை கொண்டலாம்பட்டின்னு நாலு மண்டலம். ஒவ்வொரு வார்டுலயும் மாநகராட்சிக்கு சொந்தமா ஒரு துண்டு நெலமாச்சும் குப்பை மேடா கெடக்கும், லேஅவுட்ல பார்க்குன்னு விட்டுட்டு அப்புறம் மறந்துட்ட எடம், ஓடை ஓரம், பழைய தண்ணி டேங்க் அடி. எல்லாத்தையும் ஒரே வருஷத்துல பச்சையாக்க உங்ககிட்ட பணம் இருக்காது, அது எங்களுக்கும் தெரியும். எப்படியும் யாருக்கோ மொதல்ல யாருக்கோ அப்புறம்னுதான் பண்ணப்போறீங்க, அந்த வரிசைய யாரோட சிபாரிசும் முடிவு பண்ண வேண்டாம், குடம் வச்சு சீட்டு போட்டு குலுக்கி எடுங்க. மொத வருஷம் சீட்டு விழுந்த வார்டு, அடுத்த வருஷம் மத்தது. எல்லாருக்கும் கடைசில கெடைச்சுரும், யாருக்கும் அநியாயம் இல்ல, ஆனா இந்த ஒரு வருஷ இடைவெளில கெடைச்ச வார்டையும் காத்திருக்கற வார்டையும் ஒரே கேள்வில கேட்டு ஒப்பிட்டு பாத்துரலாம். மத்த ஊரு ஆய்வ சுட்டிக்காட்டறத விட்டுட்டு சேலத்து ஆய்வுன்னு ஒண்ணு நிக்கும். கவுன்சிலருங்க சண்டைக்கு வருவாங்கதான், குலுக்கல்ல வராதவங்க இன்னும் ஜாஸ்தியா வருவாங்க, அத சமாளிக்கறது உங்க பாடு.

கன்னங்குறிச்சி மூக்கனேரிய பாருங்க. ஊர்க்காரங்களே சேந்து இறங்கி தூர் எடுத்து, எடுத்த மண்ண ஏரிக்குள்ளயே திட்டு திட்டா குவிச்சு மரம் வச்சாங்க, இன்னிக்கு அந்த திட்டு மேல கொக்கும் நாரையும் உக்காந்திருக்கு. அத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கற தெருவுல அஞ்சே அஞ்சு கேள்வி கேட்டு வச்சிருந்தா இன்னிக்கு நான் பிலடெல்பியா கதை சொல்லிட்டு இருக்க வேண்டியதில்ல. அடுத்த ஏரில மண்வெட்டி போடறதுக்கு முன்னாடியாவது கேளுங்க.

யார கேக்கறதுங்கறதுல இன்னொரு சங்கதி இருக்கு. 2023லருந்து நடப்போம் நலம் பெறுவோம்னு மாவட்டத்துக்கு மாவட்டம் 8 கிலோமீட்டர் நடைபாதை வச்சிருக்காங்க, நல்ல திட்டம். ஆனா காலைல ஆறு மணிக்கு நடக்க வர்றது யாரு, ரிட்டயர்டு ஆனவங்க, கடை முதலாளிங்க, நல்ல ஷூ போட்டவங்க. அவங்கள மட்டும் கேட்டா சேலமே சந்தோஷமா இருக்குன்னு வரும். விசைத்தறில பன்னெண்டு மணி நேர ஷிப்டு பாக்கறவரு அங்க வர மாட்டாரு, கொலுசு பட்டறைல ஊதுகுழலும் கேஸுமா குனிஞ்சு பத்த வச்சுட்டு இருக்கற பையன் வர மாட்டான். ஒரு தறிக்கொட்டாய்ல நான் பேசிட்டு இருக்கறப்ப கரண்ட் போயிருச்சு, தடதடன்னு ஓடுனது எல்லாம் ஒரே நேரத்துல நின்னுச்சு, அங்க இருந்த அம்மா சொன்னாங்க, "கரண்ட் போனாத்தான் கண்ணு இங்க குருவி இருக்கறதே தெரியுது." அந்த அம்மாவுக்கு வாரத்துக்கு 120 நிமிஷம் எங்கருந்து வரும், அதையும் ஒரு கேள்வியா வைங்க, "போன வாரம் மரம் இருக்கற எடத்துல சும்மா எவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க, உக்காராதது ஏன்". அந்த ஏன்ங்கறதுக்கு வர்ற பதிலு உங்க பட்ஜெட்டுக்கு மத்த எல்லாத்த விட உபயோகப்படும்னு நினைக்கறேன். டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு காசில்ல, கன்னங்குறிச்சிக்கோ குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கோ போறதுக்கு காசு தடையா நேரம் தடையா பயம் தடையான்னு தெரிஞ்சுரும்.

மலை மேல கதை இதுக்கு தலைகீழ். 1820கள்ல சேலத்துக்கு கலெக்டரா இருந்த காக்பர்ன் தொரதான் (உங்க நாற்காலில இருந்தவருங்க) ஏற்காட்டுக்கு காப்பி கொண்டாந்தது. இன்னிக்கும் சில்வர் ஓக் நிழல்ல, மொளகு கொடிக்கு நடுவுல, நாள் பூரா இயற்கைலயே நிக்கற பொம்பளைங்க அங்க இருக்காங்க, இடுப்புல கூடைய கட்டிக்கிட்டு பழம் பறிக்கறவங்க, அதுல நெறைய பேரு மலையாளி பழங்குடி சனங்க. அவங்க வாரத்துல 120 நிமிஷம் இல்ல, ஒரே நாள்ல நானூத்தி எம்பது நிமிஷம் இருக்காங்க. மழைல அட்டை ஏறுது, திரும்பி வர்றப்ப காட்டெருமை குறுக்க நிக்குது, கூலி கூடைக்கு தகுந்த மாதிரி. அவங்களுக்கு மன அழுத்தம் குறைஞ்சுதான்னு கேட்டா சிரிப்பாங்க. 18 நாட்டுல எடுத்த ஒரு சர்வேல மன அழுத்தம், பதட்டம் இருக்கறவங்கள பாத்தப்பவே இது தெரிஞ்சுது, மத்தவங்க கட்டாயத்துக்கு போறேன்னு தோணுச்சுன்னா இயற்கைக்கு போறதுல கெடைக்கற சந்தோஷம் கொறையுது, பதட்டம் கூடுது. அதனால எத்தன நேரம் பச்சைல இருந்தீங்கன்னு மட்டும் எழுதிட்டு வராதீங்க, நீங்களா இருந்தீங்களா வேலைக்கு இருந்தீங்களான்னும் ஒரு கட்டம் போடுங்க. மலைக்காரங்களுக்கு நல்லது பண்ணணும்னா கீழருந்து வர்ற வண்டிங்களோட ஹாரன் சத்தம் வாரக்கடைசில அவங்க தூக்கத்த என்ன பண்ணுதுன்னு அளந்தாலே ஒரு பெரிய அறிக்கை எழுதலாம்.

டாக்டருங்களுக்கு ஒரே ஒரு விஷயம். இது மாத்திரைக்கு பதில் இல்ல, அப்படி யாரும் மேடைல பேசிடாம பாத்துக்கோங்க. பெங்களூரு மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ் 2015-16ல எடுத்த தேசிய மனநல சர்வேல தமிழ்நாடும் இருந்துச்சு, மொத்த கணக்குல பெரியவங்கள்ல நூத்துக்கு பத்து பேருக்கு மேல ஏதோ ஒரு மனநலக் கோளாறோட இருக்காங்க, அதுல பெரும்பாலானவங்களுக்கு சிகிச்சையே போய் சேரல. அவங்ககிட்ட போய் "ஏரிய சுத்தி நடங்க சரியாயிரும்"னு சொன்னா பாவம் சேரும். இன்னொன்னு, மனச்சோர்வ அளக்க பிஹெச்க்யூ-9னு இன்னொரு ஃபாரம் இருக்கு, அதுல கடைசி கேள்வி செத்து போயிரலாம்னு தோணுச்சாங்கறது. ஆமான்னு ஒருத்தங்க சொல்லிட்டா அன்னிக்கே அவங்கள கவனிக்க ஆள் வேணும், அந்த ஏற்பாடு இல்லாம அந்தக் கேள்விய எங்க கைல குடுத்து அனுப்பாதீங்க. டபிள்யூஹெச்ஓ-5 போதும், அதுலயும் ரொம்ப கம்மியா வர்றவங்களுக்கு யாரு போன் பண்ணுவாங்க, எந்த கிளினிக்குக்கு எந்த கிழமை போகணும்னு ஒரு சீட்டு அடிச்சு குடுத்துடுங்க, மனநலத்துக்கு அரசாங்கம் வச்சிருக்கற டெலி-மானஸ் போன் உதவி 14416 நம்பரும் அந்த சீட்டுல இருக்கட்டும்.

ரிசல்ட் எப்படி வந்தாலும் தமிழ்ல போடுங்க. சேலத்துல பார்க்கால மனசுக்கு ஒண்ணும் ஆகலன்னு வந்தாலும் போடுங்க, அப்படி வந்தா கடன் தொல்லையும் ஷிப்டு நேரமும்தான் இங்க பெரிய நோவுன்னு அர்த்தமா இருக்கலாம், அது தெரியறதும் ஒரு லாபந்தான். கோப்புக்குள்ள வச்சு கட்டிடாதீங்க. கேள்விங்கள அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எங்கள மாதிரி நாலு பேருகிட்ட குடுத்து ஒரு தெருவுல கேட்டு பாக்க சொல்லுங்க, "வாழ்வில் ஆர்வம் நிறைந்திருந்ததா"ன்னு எழுதியிருந்தா அதுக்கு ஆளுங்க நம்மள என்ன பார்வை பாப்பாங்கன்னு சொல்லிருவோம்.

கடைசியா காசு விஷயம். இந்த வேலைய தன்னார்வலர்னு பேர வச்சு காலேஜ் புள்ளைங்க தலைல கட்டாதீங்க, ஒரு சர்டிபிகேட்டுக்கு வேண்டி மரத்தடில உக்காந்து முப்பது ஃபாரத்தையும் அதுங்களே நிரப்பிட்டு வந்துரும், நான் பாத்திருக்கேன். சர்வே எடுக்கறவங்களுக்கு தினக்கூலி எவ்வளவு, பஸ் காசு எவ்வளவு, பூட்டுன வீட்டுக்கு திரும்ப போறதுக்கு எவ்வளவுன்னு பட்ஜெட்ல மொத பக்கத்துலயே எழுதுங்க.

இப்படிக்கு,
தெருத்தெருவா கேள்வி கேக்கற ஒருத்தி,
சேலம்.